வாடகை கழித்த பிறகு

யாழ்ப்பாணத்தில் ஒரு குடும்பத்தைப் பற்றி விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது, வெளியில் ஆர் இருக்கினம் என்பதைத்தான். "மூத்தவன் லண்டனில்" என்று பதில் வந்துவிட்டால் மேற்கொண்டு கேள்வி இல்லை. திருவிழா உபயத்துக்கு வருபவர்களும், பழைய மாணவர் சங்கத்துக்காரரும், கலியாணத் தரகரும் அந்த ஒரு சொல்லோடு வீட்டு நிலவரத்தை முடிவுகட்டிவிடுவார்கள். லண்டன் என்றால் பவுண்ஸ், பவுண்ஸ் என்றால் வசதி. அந்த லண்டனில் ஏறக்குறைய நாலு பேருக்கு ஒருவர் ஏழை என்று பிரித்தானிய அரசாங்கத்தின் சொந்தப் புள்ளிவிவரமே சொல்கிறது. இதை எங்கள் ஊரில் சொன்னால், "அது பெனிபிற் எடுக்கிறதுக்குச் சொல்லுற கதை" என்பார்கள்.

கதை இல்லை. அந்தக் கணக்கை எப்படிப் போடுகிறார்கள் என்று கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்க வேண்டிய தேவை எனக்கு இங்கேயே வந்தது. 2023இல் அஸ்வெசும என்ற அரசாங்க உதவிப்பணத் திட்டம் தொடங்கியதிலிருந்து எங்கள் ஒழுங்கையில் உள்ளவர்களுக்கு மேன்முறையீட்டுக் கடிதம் எழுதிக் கொடுக்கிறேன். இவருக்குக் காசு உண்டு, அவருக்கு இல்லை என்று பட்டியல் வந்து ஒட்டப்படும்போது, விடுபட்டவர்கள் என் வீட்டு விறாந்தையில் வந்து இருப்பார்கள். அவர்களுடைய கதைகளைக் கேட்டுக் கேட்டு, ஒருவரை ஏழை என்று சொல்வதற்கு எதைப் பார்க்க வேண்டும் என்ற கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. அதைத் தேடிப் போகிற எவரும் லண்டனில் போய்த்தான் நிற்க வேண்டும்.

1886இல் சார்ள்ஸ் பூத் என்ற கப்பல் வர்த்தகர், லண்டனில் உண்மையில் எத்தனை பேர் ஏழைகள் என்று கணக்கெடுக்கத் தன் சொந்தக் காசைப் போட்டு இறங்கினார். பேரரசின் பணமெல்லாம் வந்து குவிந்துகொண்டிருந்த நகரம் அது. வேலை 1903 வரை நீண்டது. அவருக்கு யார் தகவல் கொடுத்தார்கள் என்பதைப் படிக்கும்போது எனக்கு எங்கள் விதானையாரின், அதாவது கிராம அலுவலரின், நினைவு வந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா என்று பார்க்க வீடு வீடாகத் திரியும் உத்தியோகத்தர்கள் அங்கே இருந்தார்கள். எந்த வீட்டில் எத்தனை பிள்ளை, தகப்பனுக்கு என்ன வேலை, அது நிரந்தர வேலையா நாட்கூலியா என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். பூத்தின் ஆட்கள் அவர்களை இருத்தி வைத்துத் தெருத் தெருவாகக் கேட்டு எழுதினார்கள். வாரத்துக்கு 18 தொடக்கம் 21 ஷில்லிங் என்று ஒரு வறுமைக் கோடு போட்டார்கள். பிறகு லண்டன் வரைபடத்தில் ஒவ்வொரு தெருவுக்கும் நிறம் தீட்டினார்கள். பெரும் பணக்காரத் தெரு மஞ்சள், அடுத்தது சிவப்பு, பிறகு இளஞ்சிவப்பு, ஊதா, இளநீலம், கருநீலம், அடியில் கறுப்பு. கணக்கு முடிந்தபோது லண்டன் மக்களில் 30.7 வீதமானவர்கள் வறுமையில் இருந்தார்கள்.

கறுப்புத் தெருக்காரரைப் பூத் பாதிக் குற்றவாளிகள் என்றே எழுதி வைத்தார். அந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. ஆனால் அவருடைய கணக்கு அவருடைய மனத்தைவிட நேர்மையாக இருந்தது. குடிதான் ஏழையை ஏழையாக்குகிறது என்று அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் சொல்லிக்கொண்டிருக்க, ஒழுங்கில்லாத வேலையும் குறைந்த கூலியும்தான் பெரும்பாலான காரணம் என்று அவருடைய புத்தகங்கள் காட்டின. முதுமையும் நோயும் எத்தனை பேரைக் கீழே தள்ளுகின்றன என்பதைப் பார்த்த பிறகு, வயோதிபர்களுக்கு ஓய்வூதியம் வேண்டும் என்று அவரே வாதாடினார். 1908இல் சட்டம் வந்தது. 1909 ஜனவரியிலிருந்து 70 வயது கடந்த வறிய முதியவர்களுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை கிடைத்தது. எண்ணிக்கை சரியாக இருந்தால் சட்டம் வரை போகும் என்பதற்கு இதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன்.

இன்றைக்கு அங்கே கோடு ஷில்லிங்கில் இல்லை. நாட்டில் உள்ள எல்லோரையும் வருமானப்படி வரிசையாக நிறுத்தினால் சரி நடுவில் நிற்பவருக்கு எவ்வளவு வருகிறதோ, அதில் 60 வீதத்துக்குக் கீழே உள்ளவர்கள் வறுமையில் இருப்பதாக வைத்துக்கொள்கிறார்கள். சராசரியை எடுக்காததற்குக் காரணம் உண்டு. லண்டன் வங்கித் தெருவில் கோடிக்கணக்கில் உழைக்கும் நாலு பேர் சராசரியை மேலே இழுத்துவிடுவார்கள்; நடுவில் நிற்பவரை அவர்களால் அசைக்க முடியாது. வீட்டில் எத்தனை பேர் என்பதையும் சேர்க்கிறார்கள். பிள்ளையில்லாத தம்பதியை 1 என்று வைத்தால், இரண்டு சின்னப் பிள்ளைகள் உள்ள தம்பதிக்கு 1.4 மடங்கு வருமானம் இருந்தால்தான் இரண்டு வீடும் ஒரே நிலை.

இப்படி ஒப்பிட்டு அளப்பதில் சிலருக்குக் கோபம். எல்லோரும் பணக்காரனாகிவிட்டாலும் அடியில் உள்ளவனை ஏழை என்பீர்களா என்று கேட்பார்கள். அடியில் உள்ளவர் இருந்தே தீருவார், உண்மை. ஆனால் நடுவில் நிற்பவரின் 60 வீதத்துக்குக் கீழே ஒருவர்கூட இல்லாத நாடு கணக்குப்படி முடியாத காரியம் இல்லை. அதைவிட முக்கியமாக, பீற்றர் ரவுன்சென்ட் என்ற ஆய்வாளர் 1979இல் வெளியிட்ட பெரிய நூலில் இதற்கு விடை சொல்லியிருக்கிறார்: தான் வாழும் சமூகத்தில் வழக்கமாக எல்லோரும் செய்வதைச் செய்ய வழியில்லாமல் போவதே வறுமை என்றார். இதை யாழ்ப்பாணத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. சொந்தத்தில் சாமத்தியவீடு நடக்கும். என்வலப்புக்குள் வைக்கக் காசு இல்லாதபடியால் "காய்ச்சல்" என்று சொல்லிவிட்டு வீட்டில் நிற்கும் ஆட்களை எனக்குத் தெரியும். சோறு அன்றைக்கும் சமைத்திருப்பார்கள். வகுப்பில் எல்லாப் பிள்ளையும் ரியூசனுக்குப் போக, ஒரு பிள்ளை மட்டும் மதிலுக்கு வெளியே நிற்பதும் இதே வகைதான்.

சரி, லண்டனுக்கு வருவோம். பிரித்தானிய அரசாங்கம் ஒவ்வொரு ஆண்டும் இந்தக் கணக்கை இரண்டு விதமாக வெளியிடுகிறது. ஒன்று, வீட்டுச் செலவைக் கழிக்க முன்னம். மற்றது, கழித்த பிறகு. வீட்டுச் செலவு என்றால் வாடகை, தண்ணீர்க் கட்டணம், வீட்டுக் கடனுக்குக் கட்டும் வட்டி போன்றவை. வீட்டுக் கடனின் முதலை அவர்கள் கழிப்பதில்லை. அது சொத்தாகத் திரும்புகிறது என்பது நியாயம்.

கழிக்க முன்னம் பார்த்தால் லண்டனில் ஆறேழு பேருக்கு ஒருவர்தான் ஏழை. முழு நாட்டின் அளவைவிட அது குறைவு. கழித்த பிறகு பார்த்தால் ஏறத்தாழ நாலு பேருக்கு ஒருவர். முழு நாட்டின் அளவைவிட அது கூட. ஒரே நகரம், ஒரே ஆண்டு, அதே மனிதர்கள். வாடகையைக் கழித்தவுடன் லட்சக்கணக்கானவர்கள் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடுகிறார்கள்.

விளங்குவதற்காக நானே இட்ட எண்களில் ஒரு கணக்குச் சொல்கிறேன். மாதம் 2,800 பவுண்ஸ் கைக்கு வரும் இரண்டு குடும்பங்கள். ஒன்று இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிறு பட்டணத்தில், வாடகை 700. மற்றது கிழக்கு லண்டனில், வாடகை 1,600. வருமானத்தைக் கேட்டால் இருவரும் சமம். கையில் மிஞ்சுவதைக் கேட்டால் ஒருவருக்கு 2,100, மற்றவருக்கு 1,200. பால், பாண், பஸ், பிள்ளையின் சப்பாத்து எல்லாம் அந்த 1,200இல். இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் விட்டால் கிழக்கு லண்டன் குடும்பத்தின் நிலைமை எந்தப் பத்திரத்திலும் தெரியாது.

என் பெரியம்மாவின் மகள் ஈஸ்ற்ஹாமில் இருக்கிறா. அந்தப் பக்கம் நம்மவர்களின் கடைகளும் கோயிலும் நிறைந்த இடம். இங்கிருந்து போகிறவர்கள் எடுத்துக் காட்டும் படங்களில் அது ஒரு குட்டி யாழ்ப்பாணமாகத்தான் தெரியும். அக்கா ஒருநாள் வீடியோவில் பேசியபடி குசினிக்குப் போய்க் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து காட்டினா. ஒவ்வொரு தட்டிலும் ஒரு ஸ்ரிக்கர், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பத்தின் பெயர். மேல்தட்டு அக்கா குடும்பத்துக்கு. அதில் பால், அரைத்த மிளகாய்த்தூள் போத்தல், ஒரு சட்டி பருப்பு. கீழே கதவுப் பக்கத்தில் ஒற்றை ஆளாக இருக்கும் ஒரு பெடியனின் முட்டைப் பெட்டி. கீழ்மாடியின் ஹோலுக்கு நடுவே பலகை அடித்து அதையும் ஓர் அறையாக்கியிருக்கிறார்கள். கரண்டுக்கு மீற்றரில் முதலிலேயே காசு ஏற்ற வேண்டும். ஏற்றிய காசு முடிந்தால் வெளிச்சமும் முடிந்தது. அத்தான் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை, அக்கா பகலில் ஒரு பராமரிப்பு இல்லத்தில். பிள்ளைகளை ஒருவர் மாறி ஒருவர் பார்க்கிறார்கள்.

"சம்பளம் வாற அண்டைக்கே பாதிக்கு மேல வீட்டுக்காரனுக்குப் போயிடும் தம்பி. மிச்சத்திலதான் நாங்கள். அதுக்குள்ளதான் ஊருக்கும் அனுப்புறது."

இப்படி ஒரு நகரத்தில் கூலி எவ்வளவு இருக்க வேண்டும் என்ற கேள்வியும் அதே கிழக்கு லண்டனில்தான் எழுந்தது. 2001இல் அங்குள்ள தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் பள்ளிக்கூடங்களும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து, வாழ்க்கைச் செலவைக் கணக்கிட்டு அதற்கேற்ற கூலி வேண்டும் என்று இயக்கம் தொடங்கின. இன்று அந்தக் கூலியைத் தாமாக விரும்பிக் கொடுக்கும் நிறுவனங்கள் பல. 2024 ஒக்டோபரில் அறிவித்த அளவு லண்டனில் மணிக்கு 13.85 பவுண்ஸ், மற்ற இடங்களில் 12.60. ஆனால் சட்டப்படி கொடுத்தே ஆகவேண்டிய ஆகக்குறைந்த கூலிக்கு லண்டன் என்றும் வெளியூர் என்றும் வித்தியாசம் இல்லை. 2025 ஏப்ரலில் வயது வந்தவர்களுக்கு நாடு முழுக்க 12.21 என்று வைத்தார்கள். வாடகை வித்தியாசம் எல்லோருக்கும் தெரிந்திருந்தும் சட்டம் அதைப் பார்க்கவில்லை.

உதவிப் பணத்துக்கும் உச்சவரம்பு ஒன்று வைத்திருக்கிறார்கள். வேலையில்லாத, அல்லது மிகக் குறைவாக உழைக்கும், பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு லண்டனில் ஆண்டுக்கு 25,323 பவுண்ஸ். 2023 ஏப்ரலில் வந்த அளவு. மாதத்துக்குப் பிரித்தால் 2,110. இங்கே ரூபாயில் பெருக்கிப் பார்ப்பவர்களுக்குத் தலை சுற்றும். ஆனால் வாடகை உதவியும் அதற்குள்ளேதான் அடங்கும். 1,600 வாடகை போனால் 510 பவுண்ஸ். அதில் ஒரு குடும்பம் லண்டன் விலைக்கு ஒரு மாதம் சாப்பிட வேண்டும். பெருக்கிப் பார்க்கும் பழக்கத்தை நாங்கள் விடத்தான் வேண்டும்.

வாடகை கழித்துப் பார்க்கும் அந்த அளவுகோலிலும் ஓட்டைகள் இருக்கின்றன. கணக்கு வீடு வீடாக எடுக்கும் ஒரு மாதிரி ஆய்விலிருந்து வருகிறது. வீடு என்று ஒன்று இருப்பவர்களைத்தான் அந்த ஆய்வு சந்திக்கும். தெருவில் படுப்பவர்களும், ஹொஸ்ரலிலும் விடுதி அறையிலும் ஒதுங்கியிருப்பவர்களும் அதில் வரமாட்டார்கள். லண்டனில் ஏறக்குறைய 50 பேருக்கு ஒருவர் நகரசபை கொடுத்த தற்காலிக இடத்தில் வாழ்கிறார், அவர்களில் ஒரு பகுதியினர் விடுதி அறைகளில் என்பதை நினைத்தால் இது சின்ன ஓட்டை இல்லை. மறுபுறம், பெரும் பணக்காரர் ஆய்வுக்குச் சரியாகப் பதில் சொல்வதில்லை என்பதற்காக, வருமான வரிப் பதிவுகளைக் கொண்டு மேல்தட்டு எண்களைத் திருத்துகிறார்கள். மேலே உள்ளவரின் வருமானம் குறைந்து தெரியாமலிருக்க இவ்வளவு பாடுபடுகிறவர்கள், விடுதி அறையில் மூன்று பிள்ளைகளோடு இருக்கும் தாயையும் எண்ணுவதற்கு அதே அளவு பாடுபட வேண்டும் என்றே நினைக்கிறேன்.

இடைவெளியை அளப்பது இன்னும் சிக்கலான வேலை. கென்சிங்ரன் செல்சி பிரித்தானியாவின் ஆகப் பணக்காரப் பகுதிகளில் ஒன்று. அதே எல்லைக்குள்தான் கிறென்ஃபெல் கோபுரம் இருந்தது. 2017 ஜூன் 14ஆம் திகதி தீப்பிடித்து 72 பேர் இறந்தார்கள். அந்தப் பகுதியின் சராசரி வருமானத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்தக் கோபுரத்தில் யார் வாழ்ந்தார்கள் என்று ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அதற்காக இங்கிலாந்தில் இன்னொரு அட்டவணையும் போடுகிறார்கள். ஏறத்தாழ 1,500 பேர் வாழும் சின்னச் சின்னத் துண்டுகளாக நாட்டைப் பிரித்து, வருமானம், வேலை, கல்வி, சுகம், குற்றம், வீடு, சுற்றுச்சூழல் என்று ஏழு பக்கத்தால் பார்த்து வரிசைப்படுத்துகிறார்கள். பூத்தின் நிறம் தீட்டிய வரைபடம் வேறு உருவத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. கனரி வார்வ் வங்கிக் கோபுரங்கள் நிற்கும் ரவர் ஹம்லெற்ஸ் பகுதியில்தான் பிள்ளைகளின் வறுமை லண்டனிலேயே ஆகக்கூடிய அளவில் இருக்கிறது என்பது அங்கே எவருக்கும் தெரிந்த செய்தி.

எங்களுக்கு அப்படி ஒரு படம் கிடைக்கவே வெகுகாலம் எடுத்தது. இலங்கையின் வீட்டு வருமானச் செலவினக் கணக்கெடுப்பு 1990/91இலும் 1995/96இலும் 2002இலும் வடக்குக் கிழக்குக்குள் வரவில்லை. 2006/07இல் வடக்கு இல்லை. 2009/10இல் யாழ்ப்பாணமும் வவுனியாவும் சேர்ந்தன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் இல்லை. 25 மாவட்டங்களும் ஒன்றாக எண்ணப்பட்டது 2012/13இல்தான். போர்க்காலத்தில் சீனியும் மண்ணெண்ணெயும் இல்லாமல், ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கெரித்துப் படித்த ஆண்டுகளில், இலங்கையின் வறுமை வீதம் என்று வெளியான எந்த எண்ணிலும் நாங்கள் இல்லை. எண்ணப்படாத காலத்துக்கு நிவாரணமும் இல்லை, பிறகு கேட்பதற்கு ஆதாரமும் இல்லை.

எண்ணத் தொடங்கிய பிறகு வந்த எண்கள் விசித்திரமாக இருந்தன. 2016இல் கொழும்பு மாவட்டத்தில் ஏழைகள் 0.9 வீதம், யாழ்ப்பாணத்தில் 7.7, கிளிநொச்சியில் 18.2. நாடு முழுக்க 4.1. அன்றைய கோடு ஓர் ஆளுக்கு மாதம் 4,166 ரூபாய். கொழும்பில் நூற்றுக்கு ஒருவர்கூட ஏழை இல்லையாம். மட்டக்குளியிலும் கொட்டாஞ்சேனையிலும் தோட்டங்கள் என்று சொல்லப்படும் நெருக்கமான குடியிருப்புகளுக்குள் ஒருமுறை நடந்து பார்த்தவர்கள் அந்த எண்ணை எப்படி நம்புவார்கள்? பிறகு கோட்டைப் புதுப்பித்தார்கள். புதிய கோட்டின்படி 2019இல் நாட்டின் வறுமை 14.3 வீதம். மூன்று ஆண்டுக்குள் நாடு மூன்று மடங்கு ஏழையாகிவிடவில்லை. கோடு மாறியது.

இங்கே அளக்கும் முறைக்கும் லண்டன் முறைக்கும் உள்ள அடிப்படை வித்தியாசம் எனக்கு அதன் பிறகுதான் உறைத்தது. எங்கள் கோடு உணவிலிருந்து தொடங்குகிறது. ஓர் ஆளுக்கு நாளுக்கு இத்தனை கலோரி, அதற்கு மேல் உடுப்பு, மருந்து, இருப்பிடம் என்று கொஞ்சம். பிறகு வீட்டின் செலவை எடுத்து அந்தக் கோட்டோடு ஒப்பிடுகிறார்கள். விலைவாசிக்கேற்ப மாவட்டத்துக்கு மாவட்டம் கோடு சற்று ஏறி இறங்கும், கொழும்புக்கே ஆகக்கூட. ஆனால் வாடகை கொடுப்பதும் செலவில்தான் சேரும். லண்டன் கணக்கில் வாடகை கூடினால் குடும்பம் கோட்டை நோக்கிக் கீழே இறங்குகிறது. எங்கள் கணக்கில் வாடகை கூடினால் செலவு கூடி, குடும்பம் கோட்டுக்கு மேலே ஏறுகிறது.

கணக்கெடுப்பு நாட்டுக்கு. கையில் காசு வருவது அஸ்வெசும மூலம். அதற்கு 22 குறிகாட்டிகள் வைத்திருக்கிறார்கள். கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று ஆறு பிரிவு. 2023இல் தொடங்கியபோது மிக வறியவர்களுக்கு மாதம் 15,000 ரூபாய், வறியவர்களுக்கு 8,500, அடுத்த இரண்டு படிக்கு 5,000உம் 2,500உம். அதற்கு முன் இருந்த சமுர்த்தி உதவித் திட்டத்தில் ஆளைப் பார்த்துப் பெயர் போடுகிறார்கள் என்ற குறை இருந்தது. அதற்குப் பதிலாக எல்லோருக்கும் ஒரே கேள்விகள் என்பதை நான் வரவேற்கிறேன். ஆனால் கேள்விகள் கண்ணுக்குத் தெரிவதைத்தான் பெரும்பாலும் கேட்கின்றன. சுவர் என்ன, தரை என்ன, கூரை என்ன, கரண்ட் எவ்வளவு பாவிக்கிறீர்கள், வாகனம் உண்டா.

எங்கள் ஒழுங்கையில் ஓர் ஆச்சி இருக்கிறா. மகன் லண்டனுக்குப் போன புதிதில், கடன்கள் கட்டி முடிய முன்னமே, ஆச்சியின் வீட்டுக்கு மாபிள் போட்டு, முன் மதில் கட்டி, கேற் வைத்தான். அப்போது அவனுக்கு இரண்டு வேலை. இப்போது கலியாணமாகி, பிள்ளைகள் வந்து, அவனும் வாடகை வீட்டில். மாதா மாதம் அனுப்பியது நின்று, தீபாவளிக்கும் ஆச்சிக்குச் சுகமில்லாமல் போகும்போதும் என்று ஆகிவிட்டது. வீட்டைப் பார்க்க வந்தவர்கள் வாசலிலேயே நின்று தரையைப் பார்த்தார்கள். அந்த மாபிளில்தான் ஆச்சி பாய் போட்டுப் படுக்கிறா. அவவின் சாப்பாடு பக்கத்து வீட்டிலிருந்து பாதி, முற்றத்து முருங்கையிலிருந்து பாதி. மருந்தெடுக்க ஆஸ்பத்திரிக்குப் போக ஓட்டோக் காசுக்குத்தான் ஒவ்வொரு மாதமும் அந்தரப்படுவா. பட்டியலில் பெயர் இல்லை.

ஆச்சியை வைத்து லண்டன் கணக்கையும் எங்கள் கணக்கையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்கு நித்திரை வரவில்லை. பிரித்தானியக் கணக்கில் வருமான வரி கழிப்பார்கள், பிரிந்து வாழும் பிள்ளைக்குக் கொடுக்கும் பராமரிப்புப் பணம் கழிப்பார்கள், பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைக்குக் கொடுப்பதைக்கூடக் கழிப்பார்கள். ஊரில் உள்ள தாய்க்கு அனுப்புவதைக் கழிப்பதில்லை. ஆச்சியின் மகன் அனுப்பிய ஒவ்வொரு பவுணும் அவனுடைய கையில் இருந்ததாகவே அங்கே பதிவாகிறது. அதே பவுண் இங்கே மாபிளாக வந்து ஆச்சியின் வசதியாகப் பதிவாகிறது. அனுப்பியவனும் ஏழை இல்லை, பெற்றவளும் ஏழை இல்லை. இடையில் காசு எங்கே போனது என்று கேட்டால், லண்டன் வீட்டுக்காரருக்கும் இங்கே மேசனுக்கும் வட்டிக்காரருக்கும் போயிருக்கிறது.

கடன் எங்கள் பக்கத்து வாடகை. குருநகரில், கரையோரங்களில், காணியில்லாமல் ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பங்கள் நெருங்கி வாழும் குடியிருப்புகளில், எந்தக் கிழமையில் எந்தக் கடன்காரர் வருவார் என்பதைக் கொண்டே பெண்கள் நாளை எண்ணுகிறார்கள். ஒரு நுண்கடனைக் கட்ட இன்னொன்று, அதைக் கட்ட நகை அடைவு. மேசன் வேலைக்குப் போகும் ஒருவர் லீசிங்கில் மோட்டார் சைக்கிள் எடுத்திருக்கிறார். அது இல்லாமல் வேலைத்தளத்துக்குப் போக முடியாது. படிவத்தில் அது வாகனம். தவணை இரண்டு மாதம் தவறினால் பறித்துக்கொண்டு போகப்படும் வாகனம் என்று எழுத அங்கே இடம் இல்லை. நுண்கடன் பாரம் தாங்காமல் பெண்கள் உயிரை மாய்த்த செய்திகள் வந்து, 2018இல் அரசாங்கமே வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாய் வரையான கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. அவ்வளவு நடந்த பிறகும், ஒரு வீட்டின் வறுமையை அளக்கும்போது தவணைக் காசை முதலில் கழித்துப் பார்க்கும் வழக்கம் எங்களுக்கு வரவில்லை.

யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலகங்கள், 435 கிராம அலுவலர் பிரிவுகள். வருமானக் கணக்கெடுப்பின் மாதிரி அளவு மாவட்டத்துக்குக் கீழே இறங்கிப் பேசப் போதாது. அதனால் நல்லூரில் மூன்று மாடி எழுப்பியவரும் மருதங்கேணியில் வலை பின்னுபவரும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகிறார்கள். 435 விதானைமாருக்கும் தங்கள் பிரிவில் யார் வாடகைக்கு இருக்கிறார், யார் கடனில் இருக்கிறார், யாருக்கு வெளிநாட்டுக் காசு நின்றுபோய்விட்டது என்பது தெரியும். 1886இல் பூத்துக்குக் கிடைத்த அறிவு அது. எங்களிடம் இருக்கிறது, பாவிக்கத்தான் இல்லை.

இப்போதெல்லாம் நான் எழுதும் கடிதங்களில் வீட்டைப் பற்றி விளக்கம் சொல்லித் தொடங்குவதில்லை. முதல் பந்தியில் மாதம் என்ன வருகிறது. அடுத்த பந்தியில் என்ன கழிகிறது: வாடகை, நுண்கடன் தவணை, அடைவு வட்டி, லீசிங், மருந்துக்குப் போக வர ஓட்டோ. மூன்றாவதில் மிஞ்சுவது, வீட்டில் உள்ள ஆட்களால் பிரித்து. தவணைப் புத்தகத்தின் பிரதி, அடைவுச் சிட்டையின் பிரதி, வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இல்லாவிட்டால் வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு துண்டு, எல்லாம் இணைத்துக் குத்திவிடுவேன். படிவத்தில் அதற்கு நிரல் இல்லை. தனித் தாளில் எழுதி இணைக்க எந்தத் தடையும் இல்லை. வேறு ஊர்களில் இந்த வேலை செய்கிறவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஆச்சியின் கடிதத்துக்கு மகனிடம் பேசினேன். முதலில் வெட்கப்பட்டான். ஊரில் தெரிந்துவிடும் அண்ணை என்றான். பிறகு இரவு வேலை முடிந்து வந்து, தன் வாடகை ஒப்பந்தத்தையும் கடைசி மூன்று சம்பளத் துண்டுகளையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். தமிழில் பெயர்த்து, சம்பளத்திலிருந்து வாடகையைக் கழித்துக் கீழே கோடு போட்டு, ஆச்சியின் கைநாட்டுக்கு மேலே இணைத்திருக்கிறேன்.